அறத்தீமையின் தோற்றுவாய்: தொடக்கக்காலக் கிறித்தவச் சிந்தனையில் சித்தமும் இயல்பும் (கி.பி. 2 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை)

ஆய்வுச் சுருக்கம்

தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்குத் தொடக்கக்காலக் கிறித்தவ ஆசிரியர்கள் பெரும்பாலும் அளித்த விடை, அது படைப்புயிர்களின் சித்தத்திலிருந்து வந்தது என்பதாகும். இரு முதற்பொருள் கொள்கையினரை மறுப்பதற்காக உருவான இவ்விடை, 5ஆம் நூற்றாண்டில் அதனை மிக விரிவாக எழுதிய அகுஸ்தீனுக்கு எதிராகவே எடுத்தாளப்பட்டது. இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்மப்பாவக் கொள்கையின் அடிப்படைக் கூறு பெலாஜிய விவாதத்தில் பிறந்ததன்று என்பதும், கி.பி. 392இல் ஹிப்போ நகரில் மானியருடன் நிகழ்ந்த விவாதத்திலேயே அது வெளிப்பட்டுவிட்டது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: அறத்தீமை, சித்த உரிமை, சென்மப்பாவம், மானியம், அகுஸ்தீன், ஜூலியான்.

முன்னுரை

தீமையை இருவகையாகப் பகுத்துக் காண்பது சமய மெய்யியலின் வழக்கம். நோய், பஞ்சம், நிலநடுக்கம் முதலியன இயற்கைத் தீமை. கொலை, களவு, வஞ்சகம் போன்று செய்பவரின் விருப்பத்தால் விளைவன அறத்தீமை. இக்கட்டுரை இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறது. எனினும், குழந்தைகள் படும் துன்பம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதனை எதில் அடக்குவது என்பதே 5ஆம் நூற்றாண்டுப் பூசலின் உயிர்நிலையாக அமைந்ததைப் பின்னர்க் காணலாம்.

ஒரே கடவுள், அவர் நல்லவர், அனைத்தையும் படைத்தவர் என்னும் மூன்றையும் ஒருங்கே ஏற்கும் சமயத்துக்கு அறத்தீமை தீராத இடர். மூன்றில் ஒன்றைத் தளர்த்தினால் விடை எளிதாகும். தளர்த்தாமல் விடை காண முயன்றோர் மனிதனின் மீது பொறுப்பைச் சுமத்தினர். அப்பொறுப்பை மனிதன் தாங்கக்கூடியவனா என்ற வினா அதன்பின் எழுந்தது. இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் காலவரிசையில் தொடர்கிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘சென்மப்பாவம்’, ‘ஆதிபாவம்’ என இரு சொற்கள் வழங்குகின்றன. முதலாவது பிறப்போடு வருவதைச் சுட்டுகிறது. இரண்டாவது ஆதியில் நிகழ்ந்ததைச் சுட்டுகிறது. இலத்தீனில் அகுஸ்தீன் ஆண்ட சொல் ‘ஒரிஜினாலே’ என்ற ஒன்றே. தொடக்கம், பிறப்பு என்னும் இரு பொருளும் அதனுள் அடங்கும. தமிழ் பிரித்துக்காட்டும் இவ்விரு பொருளையும் இணைப்பதே அக்கொள்கையின் நோக்கம் என்பதால், இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதும் கருதத்தக்கது.

1. யூத மரபு வழங்கிய இரு கதைகள்

தொடக்கநூலின் 3ஆம் அதிகாரம் ஆதாம், ஏவாள் கீழ்ப்படியாமையைக் கூறுகிறது. அங்கு வரும் பாம்பு சாத்தான் என்று அந்நூல் கூறவில்லை. பாவம் வழிவழியாகக் கடத்தப்படுவதாகவும் அது கூறவில்லை. அலகையின் பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்னும் கருத்து, கிரேக்கத்தில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் என்னும் நூலின் 2ஆம் அதிகாரத்தில் காணப்படுகிறது.

இதற்கு இணையாக மற்றொரு கதையும் வழங்கியது. ஏனோக்கின் பெயரால் வழங்கும் நூலின் முற்பகுதியில், 200 வானதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி மானிடப் பெண்களை மணந்தனர் என்றும், படைக்கலம் செய்தல், அணிபூணல் முதலியவற்றை மாந்தர்க்குக் கற்பித்தனர் என்றும் கூறப்படுகிறது. இக்கதையில் தீமை மேலிருந்து வருகிறது. மனிதன் அதற்கு இரையாகிறான். தொடக்கநூல் கதையிலோ மனிதனே செய்தவன்.

2ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர்கள் இரண்டையும் அறிந்திருந்தனர். உரோமில் கி.பி. 165ஐ ஒட்டிக் கொல்லப்பட்ட ஜஸ்டின், தமது இரண்டாம் தற்காப்புரையில் வானதூதர் வீழ்ச்சியைக் கொண்டே பேய்களின் தோற்றத்தை விளக்குகிறார். அவரே முதல் தற்காப்புரையில் விதிக்கொள்கையை மறுக்கிறார். தெரிவுசெய்யும் உரிமை இல்லையெனில் புகழுக்கும் பழிக்கும் பொருளில்லை என்கிறார். இரு விளக்கங்களும் ஒருவரிடமே முரணின்றி நிற்பது, ஆதாமின் கதை அப்போது தனிமுதன்மை பெறவில்லை என்பதற்குச் சான்றாகும்.

2. படைத்தவரைக் காத்தல்: 2, 3ஆம் நூற்றாண்டுகள்

பொந்துப் பகுதியின் சினோப்பைச் சேர்ந்தவரும் கப்பல் வணிகருமான மார்சியோன், கி.பி. 144இல் உரோமைத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய அன்பின் கடவுள் வேறு என்பது அவர் கொள்கை. எகிப்திலிருந்து உரோமுக்கு வந்த வாலண்டினுசின் வழியினர், இறைநிறைவுக்குள் ஞானம் என்னும் கூறு கொண்ட அடங்கா வேட்கையின் விளைவாகவே பருப்பொருள் உலகு தோன்றியது என்றனர். இருவர் நோக்கிலும் தீமை, மனிதன் தோன்றுவதற்கு முன்பே உலகின் அமைப்பில் கலந்துவிட்ட ஒன்று.

இதனை மறுத்தோர் அனைவரும் ஒரே மறுப்பைக் கூறவில்லை. லியோன் நகர ஆயர் இரேனேயுஸ், கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய ஐந்து பகுதிகள் கொண்ட மறுப்புநூலில், முதல் மனிதனைக் குழந்தையாகக் காண்கிறார். படைக்கப்பட்டது எதுவும் தொடக்கத்திலேயே முழுமை பெற்றிருக்க இயலாது. பாலுண்ணும் குழந்தை திடவுணவை ஏற்காதது போல் ஆதாமும் நிறைவைத் தாங்கும் பக்குவம் பெறவில்லை. வீழ்ச்சி இங்குப் பக்குவமின்மையின் பிழை. மனிதகுலத்தின் வரலாறு அப்பிழையிலிருந்து வளர்ச்சியை நோக்கிச் செல்கிறது. கிறிஸ்து ஆதாமின் பாதையை மீண்டும் நடந்து அதனைச் செம்மையாக்குகிறார்.

கார்த்தேஜின் தெர்த்துல்லியன் வேறு வழியை மேற்கொள்கிறார். கடவுள் நல்லவராகவும், வருவதை அறிந்தவராகவும், ஆற்றலுடையவராகவும் இருந்தால் மனிதனை ஏன் விழவிட்டார் என்பது மார்சியோன் வழியினரின் வினா. சித்த உரிமையே மனிதனிடமுள்ள இறைச்சாயல். அதனைத் தந்தபின் தடுத்தல் தந்ததைத் திரும்பப் பெறுவதாகும் என்று அவர் விடை கூறுகிறார். ஆயின், ஆன்மா பற்றிய தமது நூலில், ஆன்மா பெற்றோரிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது என்றும், இயல்பின் கேடு மற்றோர் இயல்பாகிவிட்டது என்றும் எழுதுகிறார். அவரே திருமுழுக்குப் பற்றிய நூலில், குற்றமற்ற பருவத்தினர் பாவ மன்னிப்புக்கு விரைவதேன் என வினவுகிறார். உரிமை, மரபுவழிக் கேடு, குழந்தையின் குற்றமின்மை ஆகிய மூன்றும் ஒரே ஆசிரியரிடம் இணைக்கப்படாமல் நிற்கின்றன. வட ஆப்பிரிக்க மரபு பின்னர் எதிர்கொள்ளவிருந்த சிக்கல் முழுவதும் இங்கே வித்தாக உள்ளது.

கி.பி. 253ஐ ஒட்டி, கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் 66 ஆயர்களும் கூடிய மன்றம், குழந்தைகளுக்கு எட்டாம் நாள்வரை காத்திராமல் திருமுழுக்கு அளிக்கலாம் என்றது. அவர்களுக்கு மன்னிக்கப்படுவன அவர்களுடைய பாவங்கள் அல்ல, பிறருடையவை என்பது அம்மன்றம் கூறிய காரணம். இங்கு வழிபாட்டு நடைமுறை முந்துகிறது; கொள்கை அதனைப் பின்தொடர்கிறது.

3. ஒரிகன்: பிறப்புக்கு முந்திய தெரிவு

அலெக்சாந்திரியாவின் ஒரிகன் எதிர்கொண்ட இடர் ஏற்றத்தாழ்வு பற்றியது. ஒருவர் நலமாகவும் ஒருவர் ஊனமாகவும் பிறப்பதேன்? பிறக்கும் முன்பே யாக்கோபு விரும்பப்பட்டதும் ஏசா வெறுக்கப்பட்டதும் ஏன்? ஆன்மாக்கள் இயல்பிலேயே வேறுபட்டவை என்று வாலண்டினுஸ் வழியினர் கூறினர். அவ்விடையை ஏற்றால் கடவுள் நீதியற்றவராவார்.

முதற்கொள்கைகள் என்னும் நூலில் ஒரிகன் தரும் விடை வருமாறு: அறிவுயிர்கள் அனைத்தும் தொடக்கத்தில் சமமாகவே படைக்கப்பட்டன, கடவுளை நோக்கியிருந்த நிலையில் சலிப்புற்று வெவ்வேறு அளவில் விலகின, அவ்விலகலின் அளவே இன்றைய நிலைவேறுபாடு. ஆன்மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் குளிர்தல் என்னும் வினையோடு இணைத்து, அன்பின் வெப்பம் தணிந்த அறிவே ஆன்மாவாயிற்று என்றும் அவர் கருதினார்.

வினைக்கொள்கையை அறிந்த வாசகர்க்கு இது பழகியதாகத் தோன்றலாம். முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வினைக்கொள்கை பொதுவாகத் தொடக்கமற்ற தொடர்ச்சியைப் பேசுகிறது. ஒரிகனுக்கோ ஒரு தொடக்கம் கட்டாயம் வேண்டும். தொடக்கம் இல்லையெனில் தீமை கடவுளோடு ஒத்த தொன்மை உடையதாகிவிடும்.

ஒரிகனின் விடை ஒரு நன்மையை உடையது. ஒவ்வொருவரும் தாம் செய்ததற்கே துன்புறுகின்றனர். எவரும் பிறர் குற்றத்தைச் சுமப்பதில்லை. ஆன்மாவின் முன்னிருப்பைத் திருச்சபை பின்னர் மறுத்தது, கி.பி. 543இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட கண்டனங்களில் அக்கருத்தும் இடம்பெற்றது. முன்னிருப்பு விலக்கப்படும் இடத்தில், பிறப்பிலேயே காணப்படும் ஏற்றத்தாழ்வுக்கு நீதியான காரணம் தேடும் கடமை மீதமாகிறது. அகுஸ்தீனின் சிக்கலை இப்பின்னணியில் காண வேண்டும்.

4. மானியமும் இன்மைக் கோட்பாடும்

கி.பி. 216இல் மெசொப்பொத்தாமியாவில் பிறந்த மானி, ஒளி, இருள் என்னும் இரு முதற்பொருள்களைக் கூறினார். இருள் ஒளியைத் தாக்கியது. ஒளியின் கூறுகள் இருளில் சிக்கின. மனித ஆன்மா அவ்வாறு சிக்கிய ஒளியே. எனவே பாவம் செய்வது நம்முள் கலந்துள்ள பிறிதோர் இயல்பு. கி.பி. 354இல் தகாஸ்தேயில் பிறந்த அகுஸ்தீன், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இச்சமயத்தின் கேட்போர் குழுவில் இருந்தார்.

அதிலிருந்து அவர் விடுபடத் துணைநின்றது பிளேட்டோனியர் நூல்களில் கண்ட இன்மைக் கோட்பாடு. தீமைக்குப் பொருண்மை இல்லை. குருடு என்பது பார்வையின் இன்மை போல, தீமை நன்மையின் குறைவே. பசிலியுஸ் முதலிய கிரேக்க ஆசிரியர்களிடமும் இக்கருத்து உண்டு. எனினும் பிளோட்டினுஸ் அக்குறைவைப் பருப்பொருளோடு இணைத்தார். பருப்பொருளும் கடவுளின் படைப்பே என்று கொண்ட கிறித்தவர்க்கு அது இயலாது. ஆகவே குறைவின் இடமாகச் சித்தம் அமைந்தது.

கி.பி. 388இல் உரோமில் தொடங்கி 395ஐ ஒட்டி ஹிப்போவில் முடித்த ‘சித்த உரிமை’ என்னும் உரையாடல் நூல், தீமைக்குக் கடவுள் காரணரா என்னும் எவோதியுசின் வினாவோடு தொடங்குகிறது. உயர்ந்ததை விட்டுத் தாழ்ந்ததை நோக்கிச் சித்தம் திரும்புவதே தீமை என்பது அந்நூலின் விடை. அத்திருப்பத்துக்குக் காரணம் என்ன? பிற்காலத்துக் கடவுளின் நகரம் 12ஆம் பகுதியில் அவர் விடை தெளிவாகிறது: தீய சித்தத்துக்கு ஆக்கும் காரணம் இல்லை, குறையும் காரணமே உண்டு. அதனைத் தேடுவது இருளைக் காணவும் மௌனத்தைக் கேட்கவும் முயல்வதற்கு ஒப்பாகும். விளக்கம் இங்கே நின்றுவிடுகிறது என்று குறைகூறுவோர் உளர். ஆயின், தீய சித்தத்துக்குக் காரணம் ஒன்றைக் காட்டினால் அது சித்தத்தின் தீமையாகாமல் அக்காரணத்தின் தீமையாகிவிடும். நாம் மீண்டும் மானியின் வாயிலுக்கே வந்துசேர்வோம். விளக்க மறுப்பது இவ்விடத்தில் கோட்பாட்டின் தேவை.

5. ஹிப்போ விவாதம், கி.பி. 392

கி.பி. 392 ஆகஸ்டு 28, 29ஆம் நாள்களில், ஹிப்போவின் சோசியுஸ் குளியல் மண்டபத்தில் அகுஸ்தீனும் மானியக் குரு ஃபோர்த்துனாத்துசும் மக்கள் முன்னிலையில் வாதிட்டனர். சுருக்கெழுத்தாளர் குறித்த பதிவு நமக்குக் கிடைத்துள்ளது.

அகுஸ்தீன் சித்த உரிமையை முன்வைத்தபோது ஃபோர்த்துனாத்துஸ் பவுலின் திருமுகங்களைக் கையிலெடுத்தார். ஊனியல்பு ஆவிக்கு எதிராகப் போரிடுகிறது என்று பவுலே கூறுகிறார். விரும்பாததைச் செய்யும் மனிதனைப் பற்றி அவரே பேசுகிறார். விரும்பாமல் செய்வது எவ்வாறு சித்த உரிமையாகும்? எதிர்த்தரப்பு அகுஸ்தீனின் மறைநூலைக் கொண்டே எழுப்பிய இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று.

அகுஸ்தீனின் மறுமொழி இரு கூறுகளைக் கொண்டது. முழுமையான சித்த உரிமை முதல் மனிதனிடம் இருந்தது. அவன் தன் விருப்பால் பாவம் செய்தபின், அவன் வழிவந்த நாம் கட்டாயத்துள் விழுந்தோம் என்பது முதற்கூறு. அடுத்து அன்றாடப் பட்டறிவைச் சான்றாகக் காட்டுகிறார். ஒரு செயலைச் செய்யும் முன் நாம் உரிமையுடையோம். செய்தபின் அதன் இனிமை மனத்தைப் பற்றிக்கொள்ள, நாமே உருவாக்கிய பழக்கத்தை நம்மாலேயே வெல்ல முடிவதில்லை. ஆணையிட விரும்பாதவர்களும் நாவின் பழக்கத்தால் ஆணையிட்டுவிடுவது அவர் தரும் எடுத்துக்காட்டு.

இவ்விரு கூறுகளும் ஒன்றல்ல. பழக்கம் ஒருவர் தாமே ஆக்கிக்கொள்வது. மரபுவழிக் கட்டாயம் ஒருவர் ஆக்காமலே பெறுவது. முதலாவதை அனைவரும் ஏற்பர். அதன் ஒளியில் இரண்டாவதையும் ஏற்கச் செய்வதே வாதத்தின் உத்தி. தனிமனித வாழ்வில் செயல் இயல்பாக இறுகுவது போல, மனிதகுலத்தின் வாழ்வில் ஆதாமின் செயல் நமது இயல்பாக இறுகிற்று என்பது அதன் உட்பொருள்.

ஃபோர்த்துனாத்துஸ் இறுதியில் தம் மூத்தோரைக் கலந்து விடைகூறுவதாகச் சொல்லி விலகினார். அவர் தோற்றிருக்கலாம், அவருடைய வினா தோற்கவில்லை. சிம்பிளிசியானுசுக்கு கி.பி. 396ஐ ஒட்டி எழுதிய விடைகளில், யாக்கோபு, ஏசா பற்றிய பகுதியை விளக்கும்போது மனிதகுலம் முழுவதையும் ஒரே பாவத் திரளாக அகுஸ்தீன் காண்கிறார். சென்மப்பாவத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அந்நூலில் இடம்பெறுகிறது. பெலாஜியுசின் பெயர் அப்போது ஆப்பிரிக்காவில் பேசப்படவே இல்லை.

6. மொழிபெயர்ப்பின் பங்கு: உரோமையர் 5:12

இக்கொள்கைக்கு மறைநூல் ஆதாரமாக நின்ற வரி உரோமையர் 5:12. கிரேக்க மூலத்தின் ‘எஃப் ஹோ’ என்னும் தொடரை ‘ஏனெனில்’ என்று கொள்வது பொருந்தும்: அனைவரும் பாவம் செய்ததனால் சாவு அனைவரையும் பற்றியது. பழைய இலத்தீன் பெயர்ப்பு அதனை ‘இன் குவோ’ என்றது. இதற்கு ‘அவனில்’ என்றும் பொருள்கொள்ளலாம். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமில் எழுதிய, பெயர் தெரியாத உரையாசிரியர் (இன்று அம்புரோசியாஸ்தர் எனப்படுபவர்) அதனை ஆதாமில் அனைவரும் பாவம் செய்தனர் என விளக்கினார். அகுஸ்தீன் அவ்வுரையை ஹிலாரி எழுதியதெனக் கருதி மேற்கோளாக்கினார்.

இதனால் சென்மப்பாவம் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் விளைவே என்று கூறுதல் மிகையாகும். ஹிப்போ விவாதத்தின் வாதம் இவ்வரியைச் சார்ந்து நிற்கவில்லை. கொள்கையை ஆக்கியது மானியரின் வினா. இலத்தீன் வரி அதற்கு உறுதியூட்டியது.

7. பெலாஜியுசும் ஜூலியானும்

பிரித்தானியாவைச் சேர்ந்தவரும் உரோமில் அறவுரை வழங்கிவந்தவருமான பெலாஜியுஸ், தமது ‘இயல்பு’ என்னும் நூலில் அகுஸ்தீனின் ‘சித்த உரிமை’ நூலையே தம் கருத்துக்கு ஆதரவாக எடுத்துக்காட்டினார். கி.பி. 415இல் எழுதிய மறுப்பில் அகுஸ்தீன், அதே நூலின் அடுத்த பகுதியில் அறியாமையும் இடர்ப்பாடும் ஆதாமின் தண்டனையாக நமக்கு வந்ததைக் கூறியுள்ளதாகச் சுட்டினார். இருவரும் சரியாகவே மேற்கோள் காட்டினர். அந்நூல் இரு குரல்களைக் கொண்டது.

பழக்கத்தின் வலிமையைப் பெலாஜியுசும் மறுக்கவில்லை. தெமெத்திரியாசுக்கு எழுதிய மடலில், சிறுவயது முதல் படிந்த பாவப் பழக்கம் இயல்பு போன்ற வலிமை பெற்றுவிடுகிறது என்கிறார். ‘போன்ற’ என்னும் சொல்லில்தான் வேறுபாடு உள்ளது. பெலாஜியுசுக்குப் பழக்கம் இயல்பு போன்றது. அகுஸ்தீனுக்கு அது பிறப்பிலேயே வரும் இயல்புநிலை.

கி.பி. 418 மே 1இல் கூடிய கார்த்தேஜ் மன்றமும், அவ்வாண்டே உரோமை ஆயர் சோசிமுசும் பெலாஜியக் கருத்துகளைக் கண்டித்தனர். அதில் ஒப்பமிட மறுத்த இத்தாலிய ஆயர்களில் முதன்மையானவர் எக்லானம் ஜூலியான். அவருடைய குற்றச்சாட்டு, அகுஸ்தீன் இன்னும் மானியரே என்பது. பிறப்பிலேயே தீமை உண்டெனில், பிறப்பை அமைத்த கடவுள் தீமையை ஆக்குபவராகிறார். அல்லது மற்றொருவர் ஆக்குகிறார்.

ஜூலியான் மேற்கோள் காட்டியவற்றுள் இரண்டு கருதத்தக்கன. ஒன்று, குழந்தைகள் பாவமற்றவர்களாயினும் அவர்களுக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம் என்னும் பொருள்பட யோவான் கிறிசோஸ்தோம் கூறியது. இலத்தீன் பெயர்ப்பில் பாவம் ஒருமையில் இருந்தது. அகுஸ்தீன் கிரேக்க மூலத்தைக் காட்டி, அங்குப் பன்மை இருப்பதால் குழந்தைகள் தாமே செய்த பாவங்கள் இல்லை என்பதே பொருள் என்றார். மற்றொன்று, இரு ஆன்மாக்கள் பற்றிய நூலில் அகுஸ்தீனே மானியரை மறுத்துத் தந்த இலக்கணம்: விலகிநிற்கும் உரிமை இருந்தும் நீதி தடுப்பதை நாடும் சித்தமே பாவம். அவ்விலக்கணம் ஆதாமின் பாவத்துக்குரியது, தண்டனையாகவும் அமைந்த பாவத்துக்குரியதன்று என்று அகுஸ்தீன் மறுமொழி தந்தார். கி.பி. 430 ஆகஸ்டு 28இல் அவர் இறந்தபோது ஜூலியானுக்கான இறுதி மறுப்பு முற்றுப்பெறாமல் இருந்தது.

8. மதிப்பீடு

ஜூலியானின் குற்றச்சாட்டு ஒருவகையில் பிழை, ஒருவகையில் சரி. மானிக்குத் தீமை தொடக்கமற்ற பொருள். அகுஸ்தீனுக்கு அது வரலாற்றில் தொடங்கிய குறைவு. தொடங்கியது நீங்கவும் கூடும். இவ்வேறுபாடு சிறியதன்று. ஆகவே மெய்ப்பொருள் நோக்கில் அகுஸ்தீன் மானியர் அல்லர்.

அற நோக்கில் நிலைமை வேறு. தெரிவுசெய்யாத ஒன்றுக்காக ஒருவர் குற்றவாளியாகலாமா என்பதே ஜூலியானின் வினா. ‘சித்த உரிமை’ நூலின் 3ஆம் பகுதியில், நன்மையும் தீமையும் செய்யாமல் இறக்கும் குழந்தைக்கு வெகுமதிக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட நிலை இருக்கலாம் என்று அகுஸ்தீன் எழுதியிருந்தார். பிற்காலத்தில் அவ்விடைநிலையை மறுத்து, மிக மென்மையான தண்டனை என்ற அளவிலேயே நின்றார். அது அவருக்கும் எளிதாக இல்லை. கி.பி. 415இல் ஜெரோமுக்கு எழுதிய மடலில், ஆன்மாவின் தோற்றம் பற்றித் தெளிவு வேண்டி, குழந்தைகளின் துன்பத்தை விளக்க இயலாது தவிக்கிறார். ஆன்மா மரபுவழி வருகிறதா, புதிதாகப் படைக்கப்படுகிறதா என்பதை அவர் இறுதிவரை முடிவுசெய்யவில்லை. பாவம் கடத்தப்படுவதை உறுதியாகக் கூறியவர், அது கடத்தப்படும் வழியை உறுதிசெய்ய இயலாதவராகவே இருந்தார்.

முடிவுரை

தொடக்கக்காலக் கிறித்தவம் அறத்தீமைக்குச் சித்தமே தோற்றுவாய் என்றது உண்மை. அச்சித்தம் யாருடையது என்பதில்தான் ஒருமை இல்லை. இரேனேயுசுக்கு அது வளர்ந்துவரும் குழந்தையின் சித்தம். ஒரிகனுக்கு உடலெடுக்கும் முன்னிருந்த ஒவ்வோர் அறிவுயிரின் சித்தம். பெலாஜியுசுக்கு இன்று செயலாற்றும் ஒவ்வொருவரின் சித்தம். முதிர்ந்த அகுஸ்தீனுக்கு நம் அனைவரையும் தன்னுள் கொண்டிருந்த ஒருவனின் சித்தம்.

அகுஸ்தீனின் விடை பெலாஜியுசை மறுக்கும் அவசரத்தில் எழுந்தது என்னும் கருத்தை ஹிப்போ விவாதப் பதிவு ஏற்கவில்லை. விரும்பாததைச் செய்யும் மனிதனின் பட்டறிவை மானியர் சுட்டினர். சித்த உரிமைக் கோட்பாடு அதனை விளக்கப் போதவில்லை. அப்பட்டறிவுக்கு இடமளிக்க முயன்ற அகுஸ்தீன் இயல்பினுள் வரலாற்றைச் செலுத்தினார். அதற்கு அவர் கொடுத்த விலை குழந்தையின் குற்றமின்மை. அவ்விலையை மறுத்த ஜூலியானோ, விரும்பியும் விலக இயலாத மனிதனை விளக்குவதில் இடர்ப்பட்டார். சென்மம், ஆதி என்னும் இரு பொருளையும் ஒரே சொல்லுள் கட்டிய அகுஸ்தீனின் முயற்சியையும் அக்கட்டு நெகிழும் இடத்தைக் காட்டிய ஜூலியானின் வாதத்தையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதே, கிறித்தவச் சிந்தனையில் அறத்தீமை பற்றிய வினாவின் முழு எடை புலப்படும்.